நான்காம் எண் ஜன்னல்

வாத்ரா டோர்னெய்.
வாத்ரா என்றால் எங்கள் மொழியில் அடுப்படி.
பெயரில் மட்டும்தான் அடுப்பு எரிகிறது.
நவம்பரில் பனிக்கு ஒரு வாரம் முன்பே
படிவங்கள் வந்து இறங்கும்,
கட்டுக்கட்டாய், மை வாசத்தோடு.
நகராட்சியில் நான்காம் எண் ஜன்னல் என்னுடையது.
விறகுக்கான குளிர்காலத் தொகை இங்கேதான்.

கசியான் பிரெலிப்ச்சான் வந்தார்.
மர அறுவை ஆலையில் முப்பத்தோரு வருஷம்.
ஆலை மூடி ஆறு வருஷம்.
எந்தக் காற்றுக்கும் கண் கசியாதவர்.
"அஜுடோர் வேண்டுமா?" என்றேன்.

உதவி. எல்லாரும் புழங்குகிற சொல்.
கிணற்றில் விழுந்தவன் அதைத்தான் கத்துவான்,
தேவாலய வாசலில் தட்டோடு இருப்பவனும்
அதையே முணுமுணுப்பான்.
"கையேந்திப் பழக்கமில்லை" என்று
கழற்றிய தொப்பியை மாட்டிக்கொண்டார்.

படிவத்தைத் திருப்பித் தலைப்பைக் காட்டினேன்.
சுப்வென்ட்சியே.
கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையாய்
மடிப்புக் கலையாமல் நின்றது சொல்.
"இதை யாருக்குக் கொடுப்பார்கள்?"
கோதுமை விளைவிக்கிறவர்களுக்கு, ரயில்வேக்கு,
யாஷ் நகரத்து ஓபராவுக்கு.
"ஓபராவுக்கா!"
தொப்பி மறுபடி கைக்கு வந்தது.
"வாங்க ஓபராவுக்கு வெட்கமில்லையா?"
"இதுவரை கேள்விப்படவில்லை."
கையெழுத்துப் போட்டார்,
எழுதுகோலை இரண்டு விரலால் பிடித்து.

அன்றிரவு அகராதியைப் புரட்டினேன்.
மானியம், நிதிநல்கை, அரசு தரும் தொகை
என்றெல்லாம் சொல்லிவிட்டு
அடியில் பொடி எழுத்தில் லத்தீன்:
கீழிருந்து மேலேறி வருதல்.
எனக்கு விளங்கவில்லை.
பணம் மேலேயிருந்துதானே இறங்குகிறது,
அமைச்சகம், மாவட்டம், பிறகு நான்,
ஒவ்வொரு படியிலும் ஒரு முத்திரை தாமதித்து.

ஜனவரியில் அவரிடம் சொன்னேன்.
விரல் குறைந்த கையை மேஜைமேல் வைத்தார்.
"பனிக்கட்டியில் ஒரு நாள் மரம் வழுக்கிற்று.
தோடெரின் கால்மேல்.
மேலேயிருந்து இழுத்தால் கால் மிஞ்சாது.
அடியில் புகுந்து முட்டுக்கொடுக்கணும்.
புகுந்தேன்."
விரல் போன கதை அவ்வளவுதான்.
"அதற்கு இத்தனை பெரிய பெயர் இருக்கிறதென்று
அப்போது யாரும் சொல்லவில்லை.
தோடெர் இன்னும் நடக்கிறான்,
எனக்கு எழுபது லேய் கடன் வைத்துக்கொண்டு."

ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவர்கள்
சுசாவாவிலிருந்து கடிதம் போட்டார்கள்:
செலவு விவரம் இணைக்கவும்.
அவர் எழுதிய பதிலை அப்படியே அனுப்பினேன்.
"விறகு, இரண்டு கன மீட்டர். எரிந்துவிட்டது.
சாம்பல் இருக்கிறது. வந்தால் காட்டுகிறேன்."

பிறகு ஊரெல்லாம் அந்தச் சொல்லாகிவிட்டது.
பூனைக்கு மீன்தலை: சுப்வென்ட்சியே.
பக்கத்து வீட்டு லுக்ரேட்சியா கொடுத்த
முட்டைக்கோஸ் ஊறுகாய்: சுப்வென்ட்சியே.
மதுக்கடையில் தோடெருக்கு மூன்றாவது கோப்பை:
"இது அல்ல. இது கடன்" என்றாராம்.

மார்ச்சில் நகராட்சிக் கொதிகலன் செத்தது.
கோட்டு, கையுறை, அதன்மேல் இன்னொரு கோட்டு
அணிந்து முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.
ஜன்னலடியில் ஒரு கட்டுச் சுள்ளி வந்து உட்கார்ந்தது.
"மூலையில் பழைய இரும்படுப்பு கிடக்கிறதே,
வெறும் பூத்தொட்டிக்கா வைத்திருக்கிறீர்கள்?"
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் ஒரு தாளை உள்ளே தள்ளினார்.
கோடு போட்டு, கட்டம் கட்டி,
என் படிவத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தது,
தலைப்பில் ஒரு எழுத்துப் பிழையோடு.
"இரண்டு பிரதி. ஒன்றில் போடுங்கள்."

பெறுபவர் என்ற இடத்தில்
பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக
என் பெயரை எழுதினேன், ஒட்டிலியா ருசு,
முத்திரையும் குத்தினேன், அவருக்கு அது வேண்டியிருந்தது.

சுள்ளி ஈரம்.
சாயங்காலம் வரை புகைந்தது.